சாவியைக் கொடுத்தால் கணக்குத் தீருமா?

'வண்டியையே கொடுத்துட்டேன். அப்புறம் என்ன பாக்கி?'

லோன் போட்டுக் கார் வாங்கி, தவணை கட்ட முடியாமல், தானாகவே போய்ச் சாவியை ஒப்படைத்த எல்லோரும் கேட்கிற கேள்வி இது. கேட்கும்போது குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருக்கும். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. கையில் ஒன்றும் இல்லை. அப்படியும் ரெண்டு மாதம் கழித்து ஒரு ரிஜிஸ்டர் தபால் வருகிறது. ஏலம் போன தொகை போக நீங்கள் கட்ட வேண்டியது இவ்வளவு என்று.

அநியாயமாகத் தெரிகிறதா? முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நியாயம் எங்கேயும் ஓடிவிடாது.

ஆறு லட்ச ரூபாய்க் கார். கையிலிருந்து 1 லட்சம், லோன் 5 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து சதவீத வட்டி, 60 மாதம். மாதத் தவணை சுமார் 10,620 ரூபாய். 18 மாதம் ஒழுங்காகக் கட்டுகிறீர்கள். மொத்தம் 1,91,000 ரூபாய் கொடுத்தாயிற்று. அசலில் எவ்வளவு குறைந்திருக்கும்? சுமார் 1,25,000-தான். மீதி 66,000 வட்டிக்குப் போய்விட்டது. ஆக, அசல் பாக்கி 3,75,000.

அந்த நேரம் பார்த்து வேலை போகிறது. நாலு மாதம் இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுக்கிறீர்கள். வட்டி, அபராதம் எல்லாம் சேர்ந்து இப்போது 3,95,000. வண்டி யார்டில் வெயிலில் நின்று, ஏலத்தில் 2,60,000-க்குப் போகிறது. யார்டு வாடகை, ஏலச் செலவு ஒரு 10,000. மிச்சம் 1,45,000 உங்கள் தலையில். இல்லாத காருக்கு!

பி.காம். படித்தவனுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. சொத்து ஒரு பக்கம், கடன் இன்னொரு பக்கம். சொத்தின் மதிப்பு தேய்ந்தால் கடனும் கூடவே தேய்ந்துவிடாது. நீங்கள் கார் வாங்கியதாக நினைக்கிறீர்கள். கடன் கொடுத்தவரோ பணம் கொடுத்ததாக நினைக்கிறார். அவருக்குக் கார் என்பது வெறும் ஜாமீன். ஜாமீனைக் கொடுப்பதும் கடனை அடைப்பதும் ஒன்றல்ல.

இது இன்றைக்கு யாரோ கண்டுபிடித்த தந்திரமும் இல்லை. 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 176-வது பிரிவு, அடகு வைத்த பொருளை விற்றால் என்ன ஆகும் என்று தெளிவாகச் சொல்கிறது. விற்ற பணம் போதாவிட்டால் மிச்சத்தை அடகு வைத்தவர் கட்ட வேண்டும். அதிகமாக வந்தால், அதிகப்படியை அவரிடமே திருப்பித் தர வேண்டும். கார் லோனில் வண்டி உங்களிடமே இருக்கிறது, ஆர்.சி. புக்கில் மட்டும் ஃபைனான்ஸ்காரர் பெயர் ஏறியிருக்கிறது. அதனால் அது அடகு அல்ல, ஹைப்பாத்திகேஷன். ஆனால் கணக்கு போடுகிற விதம் அதேதான்.

நகையை அடகு வைத்து மூழ்கடித்தவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? நகையின் மதிப்பில் ஒரு பங்குக்குத்தான் கடன் தருகிறார்கள். தங்கமும் அவ்வளவு சீக்கிரம் விழுந்துவிடாது. கார் அப்படியா? ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே செகண்ட் ஹேண்ட். தேய்மானத்தை யாராவது ஒருத்தர் சுமந்தாக வேண்டும். ஏறி உட்கார்ந்து ஓட்டியவர் சுமப்பதுதான் நியாயம் என்று கடன் கொடுத்தவர் சொல்கிறார். அதைத் தள்ளிவிட முடியாது. 22 மாதம் குடும்பத்தோடு கோயில், கல்யாணம் என்று போய்வந்ததும் ஒரு மதிப்புதானே?

சரி, அதோடு விஷயம் முடிந்ததா? இல்லை. இங்கேதான் ஆரம்பிக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு கால் டாக்ஸி டிரைவர். 2020 மார்ச் 25-ம் தேதி ஊரடங்கு வந்தபோது அவர் வண்டிக்கு ரெண்டு வருடத் தவணை பாக்கி. ஆறு மாதத் தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி வழிசெய்தது. ஆனால் வட்டி தள்ளிப்போகவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. ஊரடங்கு தளர்ந்தும் சவாரி பழையபடி வரவில்லை. 2021 ஆரம்பத்தில் வண்டியைக் கழுவித் துடைத்து, தானே ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைத்தார். பிறகு அவருக்கும் அந்தத் தபால் வந்தது. அவர் என்னிடம் சொன்னார்: "சார், பக்கத்துத் தெருவுல ஒருத்தன் வண்டியை ஊர்ல கொண்டுபோய் மறைச்சு வெச்சான். ஆள் வெச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. எனக்கும் அவனுக்கும் பில்லுல வித்தியாசம், அந்தத் தூக்குற செலவு மட்டும்தான்."

இந்த வார்த்தையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை. தன் நேர்மைக்கு விலை ஒன்றுமே இல்லையா என்று கேட்கிறார்.

வண்டியை அடாவடியாகத் தூக்குவது பெரிய பிரச்னையாகித்தான், குண்டர்களை வைத்து வசூல் செய்யக் கூடாது என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2008-ல் வசூல் ஏஜென்ட்களுக்கு ரிசர்வ் வங்கி விதிமுறை போட்டது. அந்தத் தலைவலி எதுவும் இல்லாமல் ஒருவர் தானாக வந்து சாவியை நீட்டுகிறார். மிச்சப்பட்டது பணம் மட்டுமா?

இன்னொன்று. வண்டியை விற்பவர் கடன் கொடுத்தவர். குறைவாக விற்றால் அந்தக் குறை உங்கள் கணக்கில் ஏறும். உங்கள் வண்டியைப் பேரம் பேசி நல்ல விலைக்குத் தள்ள அவருக்கு என்ன அவசரம்? நஷ்டம் ஒருவருக்கு, விலை முடிவு செய்வது இன்னொருவர் என்றால், தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

'சட்டம்னா சட்டம்தான் சார்' என்பீர்கள். சட்டம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இல்லை. இங்கிலாந்தில் 1974-ஆம் வருடத்து நுகர்வோர் கடன் சட்டப்படி, ஹயர் பர்ச்சேஸில் கார் எடுத்தவர் மொத்தத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டால், வண்டியைப் பழுதில்லாமல் திருப்பிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். அதற்கு மேல் பாக்கி இல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், குடியிருக்கும் வீட்டை வாங்கப் போட்ட கடனுக்கு அந்த வீட்டோடு சரி. வீடு குறைந்த விலைக்குப் போனாலும், மீதிக்காக ஆளைத் துரத்த முடியாது. அதே மாநிலத்தில் காருக்குத் துரத்தலாம்! ஆக, நஷ்டத்தை யார் சுமப்பது என்பது கடவுள் போட்ட கட்டளை அல்ல. மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது.

காமர்ஸ் மாணவர்கள் மறக்க முடியாத ஒரு வழக்கு உண்டு. 1897, சாலமன் வழக்கு. லண்டனில் பூட்ஸ் வியாபாரம் செய்த சாலமன், தன் வியாபாரத்தைக் கம்பெனி ஆக்கினார். 20,007 பங்குகளில் 20,001 அவருடையது. மீதி ஆறு, குடும்பத்தாருக்கு. கம்பெனி நொடித்தது. கம்பெனி வேறு, சாலமன் வேறு, அதன் கடனுக்கு அவர் பொறுப்பல்ல என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. தொழிலில் துணிந்து இறங்குபவனுக்கு இப்படி ஒரு குடை வேண்டும் என்று உலகம் ஏற்றுக்கொண்டது. நல்லது. டாக்ஸி ஓட்டுவதும் தொழில்தானே? கம்பெனி வைத்தவருக்குக் குடை, ஸ்டியரிங் பிடித்தவருக்கு மழை என்றால் எப்படி?

அதற்காக, கொடுத்த வாக்கு காற்றோடு போகட்டும் என்று நான் சொல்லவில்லை. முடிந்தும் கட்டாதவரின் பாக்கி, கடைசியில் ஒழுங்காகக் கட்டுகிறவர்களின் வட்டியில்தான் வந்து ஏறும். கையெழுத்துப் போட்ட கடன் கடன்தான். ஆனால் முடியாமல் நிற்பவரும் ஏமாற்றி ஓடுபவரும் ஒரே பில்லில் வந்தால், அடுத்தமுறை முடியாதவரும் ஓடத்தான் பார்ப்பார். நேர்மையாக இருந்தவனை முட்டாளாக உணரவைக்கிற எந்த ஏற்பாடும் ரொம்ப நாள் நேர்மையான ஆட்களைப் பார்க்காது.

நீங்கள் சாவி கொடுக்கப் போகிறவராக இருந்தால், கொடுப்பதற்கு முன்னால் பேசுங்கள். கடன் கொடுத்தவர் சம்மதத்தோடு நீங்களே நல்ல விலைக்கு ஆள் பிடிக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால், வண்டி இருக்கிற நிலையைப் போட்டோ எடுத்து, ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள். மீதி எவ்வளவு, அதை எப்படிக் கட்டுவது என்பது எழுத்தில் இருக்கட்டும். ஒரு தொகைக்கு செட்டில்மென்ட் ஆனாலும் சிபில் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்றுதான் நிற்கும், முழுதாகக் கட்டி முடித்ததாக வராது. தெரிந்தே கையெழுத்துப் போடுங்கள்.

நீங்கள் மேஜைக்கு அந்தப் பக்கம், கலெக்‌ஷன் டிபார்ட்மென்ட்டில் உட்கார்ந்திருப்பவரா? வண்டியைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தால், முதலில் உட்காரச் சொல்லுங்கள். பிறகு அந்த அபராதப் பத்தியைப் பாருங்கள். அதை அடிக்க உங்கள் மேலதிகாரியிடம் ஒரு வரி எழுதிக் கேட்க முடியுமா?