படச்சட்டத்திற்குக் கீழே

பொருள்களைச் சேர்த்து வைப்பது மனித இயல்பு. அஞ்சல்தலை, பழங்காசு, புனிதர் படம் என ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டம். அதில் குற்றம் காண்பது நம் நோக்கமன்று. ஆனால், சேர்த்து வைத்த பொருளே நம் மனச்சான்றைக் கேள்வி கேட்கும் நாளும் வருவதுண்டு.

மேல்பட்டாம்பாக்கத்தில் நமக்கொரு நண்பர் இருக்கிறார். இளமையில் இந்திய விமானப் படையில் தொழில்நுட்பப் பணியாளர்; பின்னர் நெய்வேலிச் சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக் கூடத்தில், இயேசுவின் திருஇருதயப் படத்திற்கு எதிர்ச்சுவரில் ஏழு போர் விமான ஓவியங்கள் தொங்குகின்றன. இலண்டனில் வாழும் மகன் ஒவ்வொன்றாக வாங்கி அனுப்பியவை.

இவை நாட்காட்டிப் படங்கள் போன்றவை அல்ல. ஓவியர் வரைந்த மூலத்தை 500 படிகள், 1,000 படிகள் என ஒரு வரம்புக்குள் அச்சிட்டு, அதற்கு மேல் அச்சிடுவதில்லை எனப் பதிப்பாளர் உறுதி கூறுகிறார். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் அதன் வரிசை எண் பென்சிலால் குறிக்கப்படும். ஓவியர் கையொப்பமிடுவார்; அவ்வகை விமானத்தில் பறந்து போரிட்ட விமானிகளும் கையொப்பமிடுவதுண்டு. உடன் ஒரு சான்றிதழும் வரும். அச்சு எந்திரம் பல்லாயிரம் படிகளைத் தர வல்லது; வேண்டுமென்றே நிறுத்திக்கொள்வதால்தான் இவற்றுக்கு அருமை பிறக்கிறது. கையொப்பமிட்ட விமானி இறந்துவிட்டால் அக்கையொப்பம் இனிக் கிடையாது. படத்தின் மதிப்பும் கூடலாம். ஒருவரது மரணம் மற்றொருவரது சேகரிப்புக்கு மெருகூட்டும் வாணிகம் இது!

நண்பர் விலைக்காகச் சேர்த்தவர் அல்லர். 1971 டிசம்பர் 14 அன்று, ஸ்ரீநகரைத் தாக்க வந்த ஆறு சேபர் விமானங்களைத் தம் நாட் விமானத்தில் எதிர்த்து உயிர்நீத்த நிர்மல் ஜித் சிங் செகோனைப் பற்றிப் பேசும்போது இன்றும் அவர் குரல் தழுதழுக்கும். விமானப் படையில் பரம் வீர் சக்கரம் பெற்றவர் செகோன் ஒருவரே.

சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு மகனும் மருமகளும் வந்திருந்தனர். மருமகள் யாழ்ப்பாணத்துப் பெண், நவாலியில் பிறந்தவள். மாலை முகில்களுக்கு மேலே பொன்னொளியில் மிதக்கும் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் படத்தை அவள் நெடுநேரம் பார்த்து நின்றாள். பிறகு மெல்லச் சொன்னாள்: “மாமா, வடிவான படம்தான். ஆனா, கீழ இருக்கிற சனத்தை ஒருத்தரும் கீறேல்லையே.”

1995 ஜூலை 9. இராணுவ முன்னேற்றத்திற்கு அஞ்சி ஓடிவந்த மக்கள், நவாலி புனித பேதுரு பவுல் ஆலயத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் அடைக்கலம் புகுந்திருந்தனர். இலங்கை விமானப் படையின் குண்டுகள் அங்கு விழுந்தன. குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்தவள்தான் இவள்.

அன்றிரவே நண்பர் அப்படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டார். பின்னர் நம்மிடம் கேட்டார்: “இதை வீட்டில் வைத்திருப்பது பாவமா?”

“ஆம்” என்று எளிதாகச் சொல்லிவிட நமக்கு மனம் வரவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு, நாட்டுப் பணியில் படைவீரராய் இருந்து கடமையைச் செவ்வனே ஆற்றுவோர் அமைதிக்கும் துணைபுரிகின்றனர் என ஏற்கிறது. செகோன் அத்தகையவர் அல்லரோ? அதே ஏடு அடுத்த எண்ணிலேயே, நகரங்களை மக்களோடு வேறுபாடின்றி அழிக்கும் போர்ச்செயல் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என அறுதியிட்டுக் கூறுகிறது. ஆகவே வீரத்தைப் போற்றலாம். வீரத்தின் பெயரால் அழிவை மறைக்கலாகாது.

அந்த லங்காஸ்டர் படத்தின் ஓரத்தில் இருந்த கையொப்பம் லெனார்ட் செஷையருடையது. புகழ்பெற்ற விமானி என்று மட்டுமே நண்பர் அறிந்திருந்தார். 1944 பிப்ரவரியில் பிரான்சின் லிமோஷ் நகரிலிருந்த தொழிற்சாலை ஒன்றைத் தாக்கச் சென்ற செஷையர், உள்ளே பணிபுரிந்த பெண்கள் தப்பி ஓடுவதற்காக முதலில் பலமுறை தாழப் பறந்து எச்சரித்தார். கீழே இருப்பவர்களை அன்று அவர் மறக்கவில்லை. 1945 ஆகஸ்டு 9 அன்று நாகசாகியின் மீது அணுகுண்டு விழுந்ததை, பிரிட்டனின் பார்வையாளராக வானிலிருந்து கண்டவரும் அவரே. அவ்வேளை கீழே, உரகாமி பேராலயத்தில் மக்கள் விண்ணேற்பு விழாவுக்காக ஒப்புரவு அருட்சாதனம் பெற்றுக்கொண்டிருந்தனர். அப்பகுதியின் ஏறத்தாழ 12,000 கத்தோலிக்கருள் 8,500 பேர் அளவில் மாண்டனர்.

அந்தக் குண்டு போரை முடித்தது என்ற கருத்தைச் செஷையர் கைவிடவில்லை. அவரோடு நாம் முரண்படலாம். ஆயினும், 1948-இல் கைவிடப்பட்ட நோயாளி ஒருவரைத் தம் இல்லத்தில் வைத்துப் பேணினார். அவ்வாண்டு இறுதியில் கத்தோலிக்கரானார். 1992-இல் இறக்கும்வரை உடல் ஊனமுற்றோருக்காக உழைத்தார். நம் நாட்டிலும் செஷையர் இல்லங்கள் உள்ளன. வானத்தில் பறந்தவர் தரைக்கு இறங்கி வந்த வரலாறு அது. அந்தக் கையொப்பத்தின் மெய்யான மதிப்பு எந்தச் சான்றிதழிலும் இல்லை.

சிந்தித்துப் பாருங்கள். நாமும் ஒரு கொலைக்கருவியை வீட்டில் மாட்டி வைத்திருக்கிறோம். சிலுவை உரோமையர் மனிதரைக் கொன்ற கருவியன்றோ? ஆனால் நம் வீடுகளில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தில் கருவி மட்டும் இல்லை, கொல்லப்பட்டவரும் இருக்கிறார். அவரை அகற்றிவிட்டு, மரத்தின் வேலைப்பாட்டையும் ஆணியின் கூர்மையையும் மட்டும் நாம் வியந்தால் அது வழிபாடாகுமா? விமானப் படத்தில் நேர்வது அதுவே. கருவி இருக்கிறது, ஒளி இருக்கிறது, கொல்லப்பட்டவர் இல்லை. எண்ணிட்ட தாளுக்கு ஆயிரம் படிகளேனும் உண்டு. இறைச்சாயலாகப் படைக்கப்பட்ட மனிதனுக்கோ இரண்டாம் படியே கிடையாது.

“எம்மைக் கேளாதீர்கள், உங்கள் மருமகளைக் கேளுங்கள்” என்றோம். தொலைபேசியில் கேட்டார். “திரும்ப மாட்டுங்கோ மாமா. கீழ ஒரு மெழுகுதிரி கொளுத்தி வையுங்கோ” என்றாளாம்.

இப்போது அப்படம் பழைய இடத்திலேயே இருக்கிறது. மாலைச் செபத்தின்போது அதன்கீழ் ஒரு திரி எரிகிறது. மற்ற ஆறு படங்களையும் நண்பர் ஒவ்வொன்றாக உற்று நோக்கி, இந்த விமானம் எங்கே பறந்தது, கீழே யார் இருந்தார்கள் என நூல்களில் தேடிக்கொண்டிருக்கிறார். விடை கிடைக்கக் கிடைக்க, அவரது செபமும் நீண்டுகொண்டிருக்கிறது.