கிளிஸரின் இல்லாத கண்ணீர்

சினிமா நடிகர்களிடம் அபிப்பிராயம் கேட்பது நம் நாட்டில் ஒரு பழக்கமாகிவிட்டது. சோப்பிலிருந்து சர்க்கார் வரையில் எதைப் பற்றி வேண்டுமானாலும் கேட்கிறோம். அவர்களும் பாவம், சளைக்காமல் சொல்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டே, நடிப்பு, அதன் தர்ம அதர்மங்களைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

எனக்குப் பழக்கமான குணசித்திர நடிகர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். முகத்தைப் பார்த்தால் உங்களுக்குத் தெரியும். கதாநாயகியின் தகப்பனாராகவே காலத்தை ஓட்டியவர். இடைவேளைக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதற்கென்றே அவரை அழைப்பார்கள். இதுவரை பதினேழு முறை இறந்திருப்பதாக அவரே கணக்கு வைத்திருக்கிறார்.

"ஒரு தடவைதான் ஸார், சரியாகச் சாகவில்லை. மாலை போட்ட பிறகு தும்மிவிட்டேன்" என்றார் ஒரு நாள். "சாமந்தி எனக்கு ஒத்துக்கொள்ளாது."

அன்று அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். கொஞ்சம் சீண்டிப் பார்க்கலாமென்று, "இத்தனை வருஷமாகப் பொய் சொல்லியே சம்பாதித்திருக்கிறீர்களே, உறுத்தவில்லையா?" என்று கேட்டேன்.

"போன மாதம் தொடர்கதையில் ஒரு பெண்ணைக் கிணற்றில் விழவைத்தீர்களே, அது எந்த ஊர்க் கிணறு?" என்று திருப்பிக் கேட்டார். எனக்கு அது வேண்டியதுதான்.

இந்தச் சண்டை புதிதல்ல. கிரேக்க நாட்டில் நாடகம் தோன்றிய நாளிலேயே தோன்றியது. ஏதென்ஸ் நகரத்துக்குச் சட்டம் வகுத்த ஸோலன், தெஸ்பிஸ் என்பவனுடைய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "இத்தனை பேர் முன்னிலையில் பொய் பேச வெட்கமாக இல்லையா?" என்று கேட்டாராம். விளையாட்டுத்தானே, இதில் என்ன தவறு என்றான் அவன். ஸோலன் கைத்தடியால் தரையில் ஓங்கித் தட்டி, இந்த விளையாட்டை நாம் மெச்ச ஆரம்பித்தால் நாளைக்கு நம் கொடுக்கல் வாங்கலிலும் இது வந்து உட்கார்ந்துகொள்ளும் என்றாராம். புளூடார்க் எழுதிவைத்த கதை இது.

நண்பருக்கு இதைச் சொன்னேன். ரொம்பவும் ரசித்தார். "பெரியவர் சொன்னது சரிதான். ஆனால் கோட்டை வேறு இடத்தில் போட்டிருக்க வேண்டும். டிக்கெட் வாங்கினவனிடம் நடித்தால் தொழில். வாங்காதவனிடம் நடித்தால் மோசடி. அவ்வளவுதான்" என்றார். தத்துவப் புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதை இவர் டிக்கெட்டிலே அடக்கிவிட்டாரே என்று எனக்கு வியப்பாக இருந்தது. நாடகக் கொட்டகைக்குள் யாரும் ஏமாறுவதில்லை. ஏமாறுவதற்குச் சம்மதித்துத்தான் உள்ளே நுழைகிறோம்.

ஆனால் வெளியே வரும்போது அந்தச் சம்மதத்தை ஞாபகம் வைத்துக்கொள்கிறோமா? எம்.என். நம்பியார் திரையில் செய்யாத கொடுமை இல்லை. 1965இல் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் அவர் சவுக்கைத் தூக்கியபோது பல்லைக் கடிக்காத தாய்மார் குறைவு. வாழ்க்கையிலோ அவர் மதுவைத் தொடாதவர். வருஷம் தவறாமல் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போனவர். 2008இல் அவர் காலமானபோது, இவ்வளவு நல்லவரா என்று பலர் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டார்கள். வில்லன் வேஷம் போட்டவரைத் தீயவர் என்று எண்ணுவதும், கதாநாயகன் வேஷம் போட்டவரை உத்தமர் என்று நம்பி எல்லாவற்றையும் ஒப்படைப்பதும் ஒரே கணக்கிலே செய்கிற ஒரே பிசகு. இரண்டாவதில் நஷ்டம் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் பிசகின் பாரத்தை நடிகனே சுமந்துகொண்ட கதையும் நம்மிடம் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் சனீஸ்வரன் வேஷத்தோடு விடியற்காலையில் நீர்நிலைக்குப் போனபோது, துணி வெளுக்க வந்த பெண் ஒருத்தி கண்டு அஞ்சி உயிர்விட்டாள் என்று நாடக உலகத்தார் சொல்வார்கள். சுவாமிகள் வேஷம் கட்டுவதை விட்டுவிட்டு நாடகம் எழுதுவதிலும் பயிற்றுவிப்பதிலும் இறங்கினார். 1918இல் மதுரையில் அவர் சிறுவர்களை வைத்துத் தொடங்கிய சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்றார்கள். அந்தப் பெண் டிக்கெட் வாங்கவில்லை. சுவாமிகள் அவளை ஏமாற்ற நினைக்கவும் இல்லை. நண்பர் போட்ட கோடு இங்கே உதவாமல் போய்விடுகிறது.

இதைச் சொன்னதும் அவருடைய சிரிப்பு அடங்கிவிட்டது.

"டிக்கெட் வாங்காதவனிடம் நிஜமாக இருக்கலாமென்றால் அவன் விடுகிறானா, ஸார்? என் அக்கா காலமானபோது அழுதேன். என்னை வளர்த்தவள். பின்னாலிருந்து ஒருவர், 'என்னமாய் நடிக்கிறான் பார்' என்றார். எரிச்சலில் இல்லை, மெய்யாகவே பாராட்டிச் சொன்னார். அடுத்த வருஷம் சித்தப்பா வீட்டில் அழாமல் நின்றேன். 'காசு கொடுத்தால்தான் அழுவான்' என்றார்கள்."

நான் சிரிப்பதா வேண்டாமா என்று தயங்கினேன். அவர் தொடர்ந்தார்.

"அதுகூடப் பரவாயில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறேன். உள்ளே ஒருவன் அழாமல் பார்த்துக்கொண்டிருந்தான். கீழ் உதடு எப்படிக் கோணுகிறது, மூச்சு எங்கே அறுகிறது என்று குறித்துக்கொண்டான். ஆறு மாதம் கழித்து ஒரு படத்தில் அந்த உதட்டை அப்படியே எடுத்துப் போட்டேன். கிளிஸரின் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செட்டில் எல்லாரும் கைதட்டினார்கள். இது பாவமா, ஸார்?"

பிரெஞ்சு அறிஞர் தீதரோ, சிறந்த நடிகன் எதையும் உணர்வதில்லை, உணர்ச்சியின் அடையாளங்களைக் கணக்காகக் காட்டுகிறவனே அவன் என்று வாதாடினார். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு 1830இல் அந்த நூல் வெளிவந்தது. கெட்டிக்காரத்தனமான வாதம். ஆனால் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்த மனிதருக்கு அதில் இடமில்லை. அவர் உணர்ந்தார், கணக்கும் பார்த்தார், இரண்டும் ஒரே நிமிஷத்தில் நடந்தன.

"ஜுரத்தில் கிடக்கும் வைத்தியன் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்க்கிறான். அதனால் ஜுரம் பொய்யாகிவிடுமா?" என்றேன்.

"ஆகாது. ஆனால் வைத்தியன் அந்த ஜுரத்தை விற்பதில்லையே!"

எழுதிப் பிழைக்கிறவன் இதற்கு என்ன பதில் சொல்ல? எங்கள் வீடுகளிலும் எத்தனையோ உதடுகள் கோணியிருக்கின்றன; அவற்றில் பாதி அச்சில் ஏறியிருக்கின்றன. விற்பது பாவமல்ல என்றே நான் இன்னும் நினைக்கிறேன். அந்த உதட்டைப் பார்த்து, தன் வீட்டு இழவை நினைத்துக்கொண்டு இருட்டில் அழுதவர்கள் எத்தனை பேரோ! சரக்கில் கலப்படம் இல்லை. ஆனால் இறந்தவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லையே என்ற இடத்தில் என் வாதம் கொஞ்சம் நொண்டுகிறது. அதை மறைக்க மனமில்லை.

அவருக்கு ஆறுதலாக இருக்கட்டுமென்று போலஸின் கதையைச் சொன்னேன். ரோமானிய ஆசிரியர் கெல்லியஸ் எழுதியிருக்கிறார். போலஸ் கிரேக்க நாட்டின் பேர்பெற்ற நடிகன். அருமை மகன் இறந்துபோனான். துக்கம் கழிந்து மேடைக்குத் திரும்பியவனுக்கு, ஸோபோக்ளிஸின் நாடகத்தில் எலெக்ட்ரா வேஷம். தம்பியின் சாம்பல் என்று நம்பி ஒரு கலசத்தை அணைத்துக்கொண்டு அவள் புலம்ப வேண்டும். போலஸ், மகனுடைய சமாதியிலிருந்து அவன் சாம்பல் இருந்த கலசத்தையே எடுத்து வந்து அணைத்துக்கொண்டு அழுதான். பார்த்தவர்கள் கண்டது நடிப்பை அல்ல, நிஜமான துக்கத்தை என்கிறார் கெல்லியஸ்.

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"மறுநாளும் ஆட்டம் இருந்திருந்தால், ஸார், எந்தக் கலசத்தை எடுத்துக்கொண்டு போயிருப்பான்?"

கெல்லியஸ் ஒரு நாள் ஆட்டத்தை மட்டுமே எழுதியிருக்கிறார்.