இல்லை என்று சொல்லும் உரிமை

ஆறு வருடங்களுக்கு முன், ஓர் இரவு பத்து ஐம்பதுக்கு, நான் "இல்லை" என்று சொன்னேன். அந்தச் சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் அப்போது வேலை பார்த்த கம்பெனியில் மெயில் சர்வரைப் புது இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். டிஎன்எஸ் மாற்றங்களைச் செய்தது டீமில் சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒரு பெண். புது சர்வருக்கு ஒரு பெயர் கொடுத்து, அதை எங்கள் டொமைன் ஃபைலில் சேர்க்க வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது. பத்து முப்பத்தைந்துக்கே லேப்டாப்பில் டிக் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். என்எக்ஸ்டொமைன், அதாவது அப்படி ஒரு பெயரே இல்லை. சரி, இன்னும் போடவில்லை. பத்து நாற்பதுக்கு அவள் சொன்னாள், "அண்ணா, போட்டுட்டேன்." பத்து ஐம்பதுக்கு மறுபடி டிக். மறுபடி என்எக்ஸ்டொமைன்.

"இல்லம்மா, வரல."

"எனக்கு வருதுண்ணா. சர்வர்லயே கேட்டுப் பாத்துட்டேன்."

"உன் சர்வர்ல வந்தா போதுமா? வெளியில வரணும்ல?"

மேனேஜர் சாட்டில் நிலவரம் கேட்டார். "ரெக்கார்ட் இன்னும் போடல" என்று டைப் செய்தேன். அதை அவளும் படித்தாள்.

இந்த இடத்தில் டிஎன்எஸ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் இணையத்தின் முன்னோடி வலையில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே ஃபைலில் இருந்தன. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் அதைப் பராமரித்தார்கள், மற்றவர்கள் நகலெடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருக, அது தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். ஒவ்வொரு டொமைனுக்கும் அதன் உரிமையாளரே பொறுப்பு. மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டதைக் கொஞ்ச காலம் நினைவில் வைத்திருக்கலாம். எவ்வளவு காலம் என்பதை டிடிஎல் என்ற எண்ணாக, நொடிக் கணக்கில், உரிமையாளரே சொல்லிவிடுவார். காலம் முடிந்தால் மறந்துவிட்டு மறுபடி கேட்க வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று, "இல்லை" என்ற பதிலுக்கும் இப்படி ஆயுள் உண்டு. ஆர்எஃப்சி 2308 என்ற 1998ஆம் வருட ஆவணம் அதை ஒழுங்குபடுத்தியது. எங்கள் டொமைனில் அது 3600 நொடி. நான் அவசரப்பட்டு பத்து முப்பத்தைந்துக்குக் கேட்டபோதே, நடுவில் இருந்த ரிசால்வர் "இல்லை" என்பதை ஒரு மணி நேரத்துக்கு மனப்பாடம் செய்துகொண்டது. பத்து ஐம்பதுக்கு அது எனக்குச் சொன்னது அந்தப் பழைய பதிலை. அவள் வேலையைச் சரியாகத்தான் முடித்திருந்தாள். அந்த "இல்லை"யை விதைத்தது என்னுடைய கேள்வி.

இதில் ரிசால்வர் பொய் சொல்லவில்லை. உரிய சர்வரே நேரடியாகப் பதில் தந்தால் டிக் காட்டும் விடையில் 'ஏஏ' என்று ஒரு கொடி இருக்கும். எனக்கு வந்ததில் அது இல்லை. கீழே 2700 என்ற எண் இருந்தது. மொழிபெயர்த்தால், "இது நான் கேள்விப்பட்டது, கேட்டுக் கால் மணி நேரம் ஆகிறது, இன்னும் முக்கால் மணி நேரம் இதையேதான் சொல்வேன்." இதைவிட நேர்மையாக ஒரு சாட்சி பேச முடியுமா? நான் அந்த வரிகளைத் தாண்டிப் போய் ஒற்றைச் சொல்லை மட்டும் எடுத்தேன். கேள்விப்பட்டது என் வாய்க்கு வந்தபோது கண்ணால் கண்டதாகிவிட்டது.

இன்மையை எப்படி அறிவது என்பது நம் ஊர்த் தத்துவத்தில் பழைய சண்டை. ஒன்றை அறியும் வழிகளாகக் காட்சி, கருதல், உரை என்று மூன்றைச் சைவ சித்தாந்தம் முதன்மைப்படுத்துகிறது. குமாரில பட்டர் வழி வந்த மீமாம்சகர்கள் இன்மையை அறிவதற்கென்றே தனி வழி உண்டு என்றார்கள். அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு: அந்தப் பொருள் அங்கே இருந்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளிச்சமான அறையில் மேசைமேல் பானை தெரியவில்லை என்றால் பானை இல்லை. இருட்டறையில் தெரியவில்லை என்றால், உனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நான் இருட்டறையில் நின்றுகொண்டு, விளக்கருகே நின்றவளிடம் பானை இல்லை என்றேன்.

டிஎன்எஸ் இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. என்எக்ஸ்டொமைன் என்றால் பெயர் இல்லை. சர்வ்ஃபெயில் என்றால் என்னால் பதிலைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் டிஎன்எஸ் சர்வர்களை உலகம் எட்ட முடியாமல் போனபோது, ரிசால்வர்கள் சொன்னது சர்வ்ஃபெயில். ஃபேஸ்புக் என்று ஒன்று இல்லவே இல்லை என்று அவை சொல்லவில்லை. "தெரியல" என்று சொல்லும் இடத்தில் "இல்ல" என்று சொல்லாமலிருக்க ஒரு மென்பொருளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

"இல்லை" என்ற சொல்லுக்கு எதிர்ப்பக்கத்திலும் மரியாதை வேண்டும். 2003 செப்டம்பரில் வெரிசைன் நிறுவனம், .காம், .நெட் என்று முடியும் இல்லாத பெயரைக் கேட்டாலும் தன் தேடல் பக்கத்தின் முகவரியைப் பதிலாகத் தரத் தொடங்கியது. பெரிய எதிர்ப்பு எழுந்தது. பைண்ட் மென்பொருளை உருவாக்குபவர்கள் அந்தப் போலிப் பதிலைத் தள்ளிவிட்டு "இல்லை" என்றே சொல்வதற்கு ஒரு திருத்தம் வெளியிட்டார்கள். ஐகான் அமைப்பு வற்புறுத்த, அக்டோபர் தொடக்கத்தில் வெரிசைன் அதை நிறுத்தியது. உண்மையான "இல்லை"யை நம்பித்தான் பல வேலைகள் நடக்கின்றன. அதை விற்கவும் கூடாது, வீணாக்கவும் கூடாது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. எல்லாவற்றையும் மூலத்தில் போய் விசாரிக்க முடியுமா? முடியாது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் மூலத்தைக் கேட்டால் இணையம் நின்றுவிடும். நம் அறிவில் பெரும்பகுதி கேள்விப்பட்டதுதான். 2020இல் வந்த ஆர்எஃப்சி 8767, உரிய சர்வரை எட்ட முடியாதபோது காலாவதியான பதிலையே தரலாம் என்கிறது, ஆனால் அதற்கு 30 நொடி ஆயுள் போதும் என்று பரிந்துரைக்கிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது. பழையதைச் சொல்லலாம், பழையது என்று தெரிந்து, சீக்கிரமே மறுபடி கேட்கும் எண்ணத்தோடு. ஆகவே நான் கேட்பது எல்லாவற்றையும் சந்தேகிக்கும் வாழ்க்கை அல்ல. கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே சொல்வது. நம் "இல்லை" இன்னொருவர் தலையில் விழப்போகிறது என்றால், அப்போதாவது மூலத்தில் கேட்பது. அன்று எனக்குத் தேவைப்பட்டது டிக் கட்டளையில் கூடுதலாக ஒரு சொல்: எங்கள் சர்வரின் பெயர். ஐந்து நொடி வேலை.

அன்றிரவு அவள் என் சொல்லை நம்பினாள். தன் கண்ணை நம்பவில்லை. எட்டு மாத அனுபவம், பத்து வருட அனுபவத்துக்கு முன்னால் அப்படித்தான் செய்யும். ஃபைலில் ஏதோ தப்பு என்று நினைத்து, சேர்த்த வரிகளையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக அடித்தாள். எம்எக்ஸ் வரியில் பெயருக்குக் கடைசியில் வர வேண்டிய புள்ளி விட்டுப்போனது. அந்தப் புள்ளி இல்லாவிட்டால் டொமைன் பெயர் இரண்டாம் முறையும் ஒட்டிக்கொள்ளும். பதினொன்று முப்பத்தைந்துக்கு ரிசால்வரின் ஒரு மணி நேரம் முடிந்தது. என் திரையில் புது சர்வர் பெயர் வந்தது. "ஆங், இப்ப வந்துருச்சு பாத்தியா" என்றேன். தூங்கப் போய்விட்டேன்.

விடிவதற்குள் எங்களுக்கு வந்த மெயில்கள் இல்லாத ஒரு பெயரைத் தேடித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. காலையில் புள்ளியை வைத்தோம். ஆனால் அந்த வரிக்கு ஆயுள் ஒரு நாள். டிஎன்எஸ்ஸில் சொன்னதைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் வசதி கிடையாது. ஊரெல்லாம் மறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அறிக்கையில் "ரெக்கார்ட் சேர்ப்பதில் தாமதம், பிறகு தவறான பதிவு" என்று இரண்டு குற்றங்கள் அவள் பெயரில் ஏறின. இரண்டாவது தவறு உண்மை. முதலாவது நடக்கவே இல்லை.

அன்று மதியம் டெர்மினலை மேலே உருட்டியபோது அந்த 2700ஐப் பார்த்தேன். மாலையில் டீக்கடையில் அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "பரவால்லண்ணா. ஆனா இத மீட்டிங்ல சொல்லியிருக்கலாமே."

சொல்லியிருக்கலாம். மூலத்தில் மட்டும் திருத்திவிட்டு, நகல்களெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதுகூடப் பாதி உண்மை. மீட்டிங்கில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த வருடம் அவள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள்.

போன மாதம் அந்தப் பழைய மேனேஜரை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பேச்சுவாக்கில் அவள் பெயர் வந்தது. "யாரு, ரெக்கார்ட் போடாம மெயிலயே நிறுத்துச்சே, அந்தப் பொண்ணா?" என்று சிரித்தார். அவருக்கு வேறெதுவும் நினைவில்லை. மனித மனதுக்கு டிடிஎல் கிடையாது.

பந்தியில் உட்கார்ந்தபடியே அவரிடம் முழுக் கதையையும் சொன்னேன். "அட விடுங்க, எப்பவோ நடந்தது" என்றார். விடவில்லை. கடைசிவரை சொல்லி முடித்தேன்.