யாதயாமமும் உறைபெட்டியும்

கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் பகுதியில், ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் உள்ள மகாலட்சுமி கோயிலையும் பிரவுனிங் சாலையில் உள்ள முருகன் கோயிலையும் அண்டி வாழும் தமிழ்க் குடும்பங்களில், இலங்கைப் போரின் காரணமாக 1983க்குப் பின் வந்து சேர்ந்தவர்களும் பிற்காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வேலை தேடி வந்தவர்களும் உண்டு. கணவனும் மனைவியும் வெவ்வேறு ஷிப்டுகளில் வேலை செய்யும் இவ்வீடுகள் பலவற்றில், ஓய்வு கிடைக்கும் ஒரு நாளில் கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும் ஆட்டிறைச்சிக் கறியும் பெருமளவில் சமைக்கப்பட்டு, இடியப்பமும் புட்டும் அவிக்கப்பட்டு, எல்லாம் சிறு பெட்டிகளில் அடைக்கப்பட்டு, ப்ரீசர் என்று வழங்கும் உறைபெட்டிக்குள் போகின்றன. தாயிடமும் பாட்டியிடமும் கற்ற கைப்பக்குவம் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், அங்கே காத்திருக்கிறது. சமயப் பற்றுள்ள வீடுகளில் இவ்வழக்கம் ஒரு கேள்வியை எழுப்புகிறது: சமைத்துப் பல நாள் கழிந்த உணவு, நூல்கள் விலக்கும் பழைய உணவு ஆகுமா?

இக்கேள்வியின் வேர் பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் இருக்கிறது. உணவைச் சாத்விகம், ராஜசம், தாமசம் என மூன்றாகப் பகுக்கும் அவ்வத்தியாயம், தாமச இயல்பினர் விரும்பும் உணவின் அடையாளங்களுள் யாதயாமம், கதரசம், பர்யுஷிதம் ஆகியவற்றைச் சேர்க்கிறது. யாமம் என்பது மூன்று மணி நேர அளவு. ஆகவே யாதயாமம் என்றால் யாமம் கடந்தது என்பது நேர்பொருள். கதரசம் என்றால் சாரம் போனது. பர்யுஷிதம் என்றால் வைத்திருந்து பழையதானது. கடிகாரத்தை வைத்து அளந்தால், ஈஸ்ட் ஹாம் வீடுகளின் உறைபெட்டிகளில் உள்ள அனைத்தும் தாமசமே என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஆனால் உரையாசிரியர்கள் அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்லவில்லை.

சாரமிழந்ததைக் குறிக்கக் கதரசம் என்ற சொல் தனியே இருப்பதால், யாதயாமம் என்பதற்குச் சரியாக வேகாத உணவு என்று பொருள் கொண்ட சங்கரர், பர்யுஷிதம் என்பதற்குச் சமைத்தபின் ஓர் இரவு கடந்தது என்று உரை எழுதினார். ராமானுஜரோ யாதயாமத்தை நெடுநேரம் இருந்தது என்று கொண்டு, பர்யுஷிதத்தைக் காலம் கழிந்ததால் வேறு சுவை அடைந்தது என்று விளக்கினார். இருவர் உரையிலும் ஏதேனும் ஒரு சொல்லில் காலக் கணக்கு இருக்கவே செய்கிறது என்பதை மறைக்கத் தேவையில்லை. எனினும் காலம் உணவுக்கு என்ன செய்கிறது என்ற காரணத்தைத் தொட்டுக்காட்டுவது ராமானுஜரின் உரையே. காலம் குற்றமாவது அது உணவின் இயல்பான சுவையை மாற்றிவிடுவதால் என்றால், மாற்றத்தைத் தடுக்கும் வழி ஒன்று கிடைக்கும்போது குற்றமும் குறைய வேண்டும் அல்லவா?

அறநூல்கள் வகுத்துள்ள விதிவிலக்குகளும் இத்திசையிலேயே செல்கின்றன. பழையதை விலக்கச் சொல்லும் மனுநூலின் ஐந்தாம் அத்தியாயம், நெய்யோ எண்ணெயோ சேர்ந்த உணவையும் வேள்வியில் எஞ்சியதையும் பழையதானாலும் உண்ணலாம் என்கிறது. வாற்கோதுமை, கோதுமை, பால் ஆகியவற்றால் ஆனவை நெய்ப்பசை இன்றி நெடுநாள் இருந்தாலும் தகும் என்கிறது. வழிபாட்டிலும், பிற மலர்கள் ஒரு நாளில் பழையதாகிவிட, துளசியும் வில்வமும் கங்கை நீரும் பழையதாவதில்லை என்பது மரபு. நாள் எண்ணிக்கை மட்டுமே அளவுகோல் என்றால் இவ்விலக்குகளுக்கு இடமே இராது. எளிதில் கெடுவது எது, கெடாது நிற்பது எது என்று ஒவ்வொரு பொருளின் இயல்பையும் கூர்ந்து பார்த்தவர்களின் கவனம் இவற்றில் தெரிகிறது.

பொருள் மாறுவது ஏன் என்ற வினாவை இந்தியத் தத்துவ மரபுகள் ஆழமாக ஆராய்ந்துள்ளன. வைசேடிகர், அதாவது பொருள்களை வகைப்படுத்தி ஆராய்ந்த கணாதரின் மரபினர், மண்ணின் கூறான பொருள்களில் நிறமும் சுவையும் மணமும் மாறுவதற்குத் தேயு, அதாவது வெப்பம், வந்து சேர்வதே காரணம் என்றனர்; இம்மாற்றத்தைப் பாகம் என்று அழைத்தனர். அந்நெறியில் பார்த்தால், வெப்பத்தை நீக்குவது மாற்றத்தின் காரணத்தையே நீக்குவது போன்றது. யோக மரபு இதை ஏற்காது. யோகசூத்திரத்திற்கு வியாசர் எழுதிய பாஷ்யம், ஒரு துணி இறுதியில் பழையதாகத் தோன்றுவது கணந்தோறும் அது பழமையடைந்து வந்ததன் விளைவே என்று காட்டி, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மாற்றம் இடைவிடாது நிகழ்கிறது என்கிறது.

உறைபெட்டியில் நிகழ்வதைப் பார்க்கும்போது இரு மரபுகளுக்கும் பங்கு கிடைக்கிறது. பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியசில் நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. ஆனால் அவை அனைத்தும் அழிவதும் இல்லை, கொழுப்பில் மெல்ல மெல்லச் சிக்கு வாடை ஏறுவதும் நிற்பதில்லை. உறையும் நீர் பனிப்படிகங்களாகித் திசுக்களைக் கிழிப்பதால் உருளைக்கிழங்கு மாவாகிறது. மோர்க்குழம்பும் தேங்காய்ப்பால் சொதியும் திரிந்து பிரிகின்றன. புளியும் எண்ணெயும் சேர்ந்த குழம்பு, அரைத்த மசாலா ஊறிய இறைச்சிக் கறி, ஆவியில் அவித்த இடியப்பம், இட்லி, புட்டு ஆகியவை பெரிதும் பழுதின்றி மீள்கின்றன. சொதியை அன்றன்று வைத்து, இடியப்பத்தை மட்டும் உறையவைக்கும் வீட்டுப் பெண்கள், ராமானுஜர் சொன்ன வேறு சுவை எங்கே நேரும், எங்கே நேராது என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர்கள். இந்த அறிவு சாத்திர அறிவுக்குக் குறைந்ததன்று. சோற்றுக்கு மட்டும் தனி எச்சரிக்கை வேண்டும்: வேகவைத்தாலும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் அதில் இருப்பதால், ஆறியது ஆறியபடி வெளியே கிடக்கவிடாமல் விரைந்து குளிரவைத்து உள்ளே வைப்பதும், எடுத்தபின் ஆவி பறக்கச் சூடாக்குவதும் கட்டாயம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. பழஞ்சோற்றை உண்டு விடியற்காலையில் வயலுக்கு இறங்கிய உழைப்பாளிகள் யாழ்ப்பாணத்திலும் தஞ்சையிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். புதிதாகச் சமைக்க நேரமும் விறகும் அரிசியும் உடையவர்களே பழையதை இழிவு என்றனர். உணவின் குணத்தைப் பேசும் விதி உண்பவரின் குணத்தைப் பேசும் விதியாக மாறியபோது அது சாதியின் கருவியாயிற்று. இரவுப் பணி முடித்து வந்து ஒரு பெட்டியைச் சூடாக்கி உண்பவரைத் தாமசர் என்பது அதே அநீதியின் தொடர்ச்சியே. கோயில் நிவேதனம் அன்றன்று புதிதாகச் சமைக்கப்பட வேண்டும் என்ற விதி வேறு வகைப்பட்டது. அது இறைவனுக்குரிய உபசாரத்தின் முறை, அதில் உறைபெட்டிக்கு இடமில்லை.

உண்மையில் உறைபெட்டி எழுப்பும் கடினமான கேள்வி தூய்மையைப் பற்றியதன்று, சேமிப்பைப் பற்றியது. பௌத்த விநயம், அதாவது துறவியர் ஒழுக்க நூல், முந்திய நாள் பெற்று வைத்த உணவைப் பிக்கு உண்ணக் கூடாது என்கிறது. ஆனந்தரின் ஆசிரியரான பேலட்டசீசர் பிச்சைச் சோற்றை உலர்த்தி வைத்து, வேண்டியபோது நீரில் நனைத்து உண்டதே அவ்விதிக்குக் காரணம். அச்சோறு கெடவில்லை, ஆயினும் சேர்த்து வைத்தல் துறவுக்கு ஒவ்வாதது என விலக்கப்பட்டது. ஈஸ்ட் ஹாமில் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் முஸ்லிம்களின் மரபில், குர்பானி, அதாவது பலி கொடுத்த, இறைச்சியை மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்க நபிகள் ஒருமுறை தடை விதித்ததும், அவ்வாண்டு வறியவர்கள் திரளாக வந்திருந்ததே தடைக்குக் காரணம் என்று விளக்கிப் பின்னர் சேமிக்க அனுமதித்ததும் ஹதீஸ்களில் பதிவாகியுள்ளன. பசித்தவர் வாசலில் நிற்கும்போது சேர்த்து வைப்பதே அங்கு குற்றம். நாள் கடந்தது குற்றமன்று. பசித்தவரின் பசியைத் தீர்ப்பதே ஒருவன் தன் பொருளைச் சேமித்து வைக்கும் இடம் என்று ஈகை அதிகாரத்தில் வள்ளுவர் கூறுவதும் இக்கருத்தே. தைத்திரீய உபநிடதத்தின் பிருகுவல்லி உணவைப் பெருக்குதல் விரதம் என்று சொன்னவுடனே, தங்க வந்த எவரையும் மறுக்காதிருத்தலும் விரதம் என்று சேர்த்துச் சொல்கிறது. பெருக்குதலும் மறுக்காமையும் அங்கே ஒரே நெறியின் இரு கூறுகள்.

ஈஸ்ட் ஹாமின் தமிழ் வீடுகளில் இவ்விரண்டும் சேர்வது சாவு நேர்ந்த வீட்டில் மிகத் தெளிவாகத் தெரியும். அவ்வீட்டில் அடுப்பு மூட்டாமல் இருப்பதும், உறவினரும் அயலவரும் மரக்கறி உணவு கொண்டுவந்து தருவதும் ஊர் வழக்கம். ஊரில் பெரும்பாலும் ஓரிரு நாளில் முடியும் தகனம், இங்கிலாந்தில் ஆவணங்களுக்காகவும் தகன மண்டபத்தில் இடம் கிடைப்பதற்காகவும் ஒரு வாரமோ அதற்கு மேலோ தள்ளிப்போகிறது. ஒரே நாளில் வந்து குவியும் குழம்பும் பருப்பும் கறியும் அவ்வளவு நாளும் துயர வீட்டாருக்கும், தொலைவிலிருந்து இரவில் வந்திறங்கும் உறவினருக்கும் உணவாவது உறைபெட்டியால்தான். பலர் சமைத்தது, பலருக்காகவே அங்கே வைக்கப்பட்டிருக்கிறது.