தொட்டில் யாருக்கு?

கிறிஸ்தவப் பெற்றோர்களே! பிறக்கப்போகும் குழந்தைக்குத் தொட்டில் வாங்கக் கடைக்குச் செல்கிறீர்கள். பஞ்சுத் தலையணை, பூவேலைப் போர்வை, ஜாலர், பொம்மைகள் எல்லாம் கண்ணைப் பறிக்கின்றன. வாங்குமுன் உங்களையே கேளுங்கள். இவை குழந்தைக்கா, பார்க்க வருபவர்களுக்கா?

மிருதுவான தலையணையும் கனத்த போர்வையும் பச்சிளங் குழந்தையின் மூக்கை மூடி மூச்சை அடைக்கக்கூடும் என்று வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள். அவற்றை விலக்கிக்கொள்ள அதன் கைகளுக்கு வலுவில்லை. தொட்டிலின் உட்புறம் சுற்றிக் கட்டும் பஞ்சுத் திண்டுகளை அமெரிக்க நாடு 2022-ம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்தது. கெட்டியான, சமமான மெத்தையும், அதில் இறுகப் பொருந்தும் பருத்தி விரிப்பும் போதும். குழந்தையை மல்லாத்தியே தூங்க வையுங்கள்.

“ஊரார் கஞ்சத்தனம் என்பார்களே!” என்கிறீர்களா? சொல்லட்டும். அன்புள்ள கை சிலவற்றைச் சேர்க்கும். சிலவற்றை விலக்கவும் செய்யும். தேவமாதா திருப்பாலனைத் துணிகளில் சுற்றி முன்னிட்டியில் கிடத்தினார். அங்கே அலங்காரம் ஏது?

மிஞ்சும் பணத்தில் ஓர் ஏழைக் குழந்தைக்குத் துணி எடுத்துக் கொடுங்கள். இரவுதோறும் உங்கள் பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து, சேசுவின் கரங்களில் ஒப்படையுங்கள்.