நாலாம் நாள் விருந்தாளி

கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைச் சுற்றிச் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு, மிளகாய்த்தூள், எலுமிச்சைப் புளிப்பு. அவ்வளவுதான், அறுபது வருஷம் பின்னால் போய் விழுந்தேன். காரைக்குடியில் எங்கள் பள்ளிக்கூட வாசல். சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவி. கீறிப் பூப்போல விரித்த கிளிமூக்கு மாங்காய். அதன் மடிப்புகளுக்குள் அவர் தடவித் தரும் உப்பும் மிளகாய்த்தூளும்.

நான் இருந்ததோ சிங்கப்பூரில், மார்க்கெட் ஸ்ட்ரீட்டை ஒட்டிய ஒரு லத்தீன் அமெரிக்க உணவகத்தில். மகனும் மருமகளும் அழைத்துப் போயிருந்தார்கள். பாதி உணவகம், பாதி மது பார். நம் ஊரில் 'பார்' என்றால் டாஸ்மாக் கடையை ஒட்டிய தகரக் கொட்டகையும் பிளாஸ்டிக் டம்ளரும்தான் நினைவுக்கு வரும். மருமகளோடு போய் உட்காருகிற இடமா அது? "மாமா, உங்களுக்குச் சரக்கு இல்லாமத்தான் சொல்லியிருக்கேன். வெறும் புளித்தண்ணி" என்று அவள் சிரித்தபிறகுதான் நாற்காலியில் சரியாகச் சாய்ந்தேன். வந்தது நிஜமாகவே புளித்தண்ணீர். மெக்சிகோவில் டெக்கீலாவோடு புளியைக் கரைத்து மார்கரீட்டா கலப்பது உண்டு. என் கோப்பையில் டெக்கீலா மட்டும் இல்லை.

பரிமாறிய பையன் மெக்சிகோக்காரன். விளிம்பில் இருப்பது என்ன என்று கேட்டேன். அவன் ஊரில் தெருவோரம் மாம்பழத்தைச் சீவி, மிளகாய்த்தூளும் உப்பும் தூவி, எலுமிச்சை பிழிந்து தருவார்களாம். "இது எங்கள் ஊர் ருசி" என்றான். 'இல்லையப்பா, இது எங்கள் ஊர் ருசி' என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

கணக்குப் பார்க்கிற சாதியில் பிறந்தவன். மனதுக்குள் ஐந்தொகை போட்டுப் பார்த்தேன். அவன் சொன்ன மாம்பழம் நம் பக்கத்துப் பழம். 'மாங்கோ' என்று அவன் சொன்ன சொல்லே, மாங்காயைப் போர்ச்சுக்கீசியர் மலையாளக் கரையில் காதில் வாங்கிக்கொண்டு போனதிலிருந்து பிறந்தது. புளியை அவர்கள் 'தமரிந்தோ' என்கிறார்கள். 'இந்தியாவின் பேரீச்சை' என்று அரபிக்காரர்கள் வைத்த பெயர் அது. எலுமிச்சையும் ஆசியாவிலிருந்து போனதுதான். சரி, என் மாங்காயின் மேல் இருந்த மிளகாய்? அது முழுக்க முழுக்க அவன் வீட்டுச் சரக்கு. 1492க்கு முன்னால் இந்தியாவில் ஒருவர்கூட மிளகாயைக் கடித்ததில்லை.

ஆக, கிழவியிடம் நான் காசு கொடுத்து வாங்கியதில் பாதி அவனுடையது. அவன் ஊர்த் தெருவில் விற்பதில் பாதி என்னுடையது. இரண்டு பேரும் இரவல் பொருளை வைத்துக்கொண்டு 'எங்கள் ஊர்' என்று பெருமை பேசிக்கொண்டிருந்தோம்.

மிளகாய் என்ற பெயரையே பாருங்கள். மிளகு, காய். மிளகைப்போல உறைக்கிற காய். புதிதாக வந்தவனுக்குப் பழையவன் பெயரைச் சொல்லி அடையாளம் வைத்திருக்கிறோம். உலகத்தின் மறுகோடியில் இதே காரியத்தை ஸ்பானியர்களும் செய்தார்கள். கொலம்பஸ் கப்பல் ஏறியது நம் பக்கத்து வாசனைச் சரக்கைத் தேடி. கிடைத்ததோ மிளகாய். மிளகுக்கு அவர்கள் மொழியில் 'பிமியெந்தா'. மிளகாய்க்கு 'பிமியெந்தோ' என்று வைத்துவிட்டார்கள். ஒருவரையொருவர் பார்த்திராத இரண்டு மொழிகள் ஒரே காய்க்கு ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கின்றன. தெரியாததைத் தெரிந்ததன் பெயரால் கூப்பிட்டுத்தானே எந்த உறவும் தொடங்குகிறது? அண்ணன் மாதிரி, அத்தை மாதிரி என்று.

எங்கள் அப்பத்தா அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு, எல்லா வீட்டிலும் சொல்வதுதான்: விருந்தும் மருந்தும் மூணு நாளைக்கு. சின்ன வயதில் அது விருந்தாளியை விரட்டுகிற பேச்சாகத்தான் எனக்குப் பட்டது. அன்று அந்தக் கோப்பைக்கு முன்னால் வேறு ஒரு கேள்வி எழுந்தது. நாலாம் நாளும் போகாமல் இருந்துவிட்ட விருந்தாளி என்ன ஆகிறான்?

எங்கள் வீடுகளில் இதற்கு விடை உண்டு. மூன்று நாள் முகப்பில் உட்காரவைத்து உபசாரம் செய்வோம். நாலாம் நாளும் இருந்தால் அவர் தாமாகவே வளவைத் தாண்டி உள்கட்டுக்கு வந்துவிடுவார். வெங்காயம் உரிப்பார், தேங்காய் திருகுவார், பந்தியில் இலை போடுவார். கூப்பிடும் முறைப்பெயர் மாறும். பிறகு அவர் விருந்தாளி இல்லை.

மிளகாய் அப்படி அடுப்படிக்குள் வந்தது. போர்ச்சுக்கீசியக் கப்பலில் பதினாறாம் நூற்றாண்டில் மேற்குக் கரையில் இறங்கிய அந்நியன், இன்று எங்கள் உப்புக்கறியில் வரமிளகாயாக உட்கார்ந்துகொண்டு, 'நான் இல்லாமல் செட்டிநாட்டுச் சமையலா?' என்று கேட்கிறான். இராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். இந்த மண்ணுக்கே உரியது என்று அரசாங்க முத்திரை. ஐந்நூறு வருஷம் அடுப்படியில் வேலை பார்த்தவனுக்குக் கிடைத்த குடியுரிமை என்று நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

அவன் தனியாகவும் வரவில்லை. கல்யாணப் பந்தியில் பறங்கிக்காய்ப் புளிக்கறி வைக்கிறோம். பறங்கிக்காரன் காய் என்று பெயரே காட்டிக்கொடுக்கிறது. கொய்யா, பப்பாளி, அன்னாசி, சப்போட்டா ஆகிய பெயர்களுக்குள் அமெரிக்கப் பூர்வகுடிகளின் சொற்கள் இன்னும் மூச்சு விடுகின்றன. வடதமிழ்நாட்டில் நிலக்கடலைக்கு மணிலாக்கொட்டை என்று பெயர். 1565 முதல் 1815 வரை மெக்சிகோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களை அந்தப் பெயர் ஞாபகப்படுத்துகிறது. கிழக்கிலிருந்து வந்தவர்களும் உண்டு. எங்கள் கவுனி அரிசிக்குப் பர்மாதான் தாய்வீடு என்பார்கள். கறிமசாலாவில் போடும் அன்னாசிப்பூ சீனத்துச் சரக்கு.

பழைய அடுப்படி எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஒரே ஒரு சன்னல் திறந்திருக்கிறது. தமிழ்நாட்டில் பல வீடுகளில் திதிச் சமையலுக்கு மிளகாய் ஆகாது, தக்காளி ஆகாது, உருளைக்கிழங்கு ஆகாது. காரத்துக்கு மிளகுதான். காரணம் கேட்டால் ஆசாரம் என்பார்கள். எனக்கு அதில் ஒரு மரியாதை தெரிகிறது. போனவர்களுக்கு அவர்கள் அறிந்த சாப்பாட்டைத்தான் போடவேண்டும். புதியவனோடு அவர்களுக்குப் பழக்கமில்லை. இறந்தவர்களின் இலை மட்டும்தான் அந்நியர் கலக்காத இலை. உயிரோடு இருப்பவர்களின் இலை எதுவும் அப்படி இல்லை.

மகனின் கோப்பையில் மொஹீட்டோ இருந்தது. வெள்ளை ரம், சர்க்கரை, எலுமிச்சை, புதினா. ரம்முக்கும் சர்க்கரைக்கும் தாய் கரும்பு. கொலம்பஸ் 1493இல் இரண்டாம் முறை போனபோது அதைக் கூடவே கொண்டுபோனார். அந்தக் கரும்பு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துச் சென்ற அடிமைகளின் ரத்தத்தில் வளர்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1848இல் அடிமைமுறையை ஒழித்ததும், கரும்பு வெட்ட ஆள் வேண்டும் என்று நம் புதுச்சேரி, காரைக்கால் பக்கம் கை நீட்டினார்கள். 1853இல் மார்த்தினிக் தீவிலும் 1854இல் குவாதலூப்பிலும் முதல் கப்பல்கள் ஆள் இறக்கின. ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் பலர் ஊர் திரும்பவேயில்லை. மொழிகூட நழுவிவிட்டது. ஆனால் 'கொலம்போ' என்ற மசாலாவும் அதில் வைக்கும் கறியும் அந்தத் தீவுகளில் இன்று வீட்டுக்கு வீடு கொதிக்கின்றன. நம் வீட்டுக் குழம்பின் பேரப்பிள்ளை அது. கொண்டுபோக ஒன்றுமில்லாமல் போனவர்கள் ஒரு தீவுக்கே சமைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

இதை நினைத்தபோதுதான் நான் உட்கார்ந்திருந்த தெரு உறுத்தியது. மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்குத் தமிழர் வாயில் பெயர் செட்டித்தெரு. எங்கள் ஐயா அங்கேதான் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் செய்ய, போயிருந்தார். நீளமான கிட்டங்கியில் ஆளுக்கு ஒரு பாய் அளவு இடம், ஒரு கைப்பெட்டி. பகலில் வட்டிக்கணக்கு, இரவில் அங்கேயே படுக்கை. எல்லாருக்கும் சேர்த்து ஊரிலிருந்து வந்த சமையல்காரர். வற்றலும் ஊறுகாயும் கப்பலில் வரும். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் ஊர், மறுபடி கப்பல். இத்தனை வருஷம் இருந்தும், அடுத்த தெருச் சீனர் என்ன சாப்பிடுகிறார் என்று ஐயா சொல்லி நான் கேட்டதில்லை. ஐயா சாப்பிட்ட குழம்பை அந்தச் சீனரும் ருசித்திருக்கமாட்டார்.

1970களில் நகரத்தைப் புதுப்பித்தபோது கிட்டங்கிகள் போய்விட்டன. இன்று அந்தத் தெருவில் 51 மாடிக் கட்டடம் நிற்கிறது. "அப்பச்சி, ஐயா கடை எந்த இடம்?" என்று மகன் கேட்டான். காட்ட ஒரு கல்கூட இல்லை. சம்பாதித்ததெல்லாம் பர்மாத் தேக்காகவும் இத்தாலியப் பளிங்காகவும் ஊருக்கு வந்து, இப்போது பூட்டிய வீடுகளுக்குள் தூசி படிந்து நிற்கிறது.

ஒன்றே ஒன்று அங்கே தங்கிவிட்டது. டேங்க் ரோட்டில் 1859இல் எங்கள் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில். தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டிலிருந்து காவடிகள் நடந்து வந்து அந்த வாசலில்தான் இறங்குகின்றன. தூக்கி வருகிறவர்களில் எல்லாச் சாதியும் உண்டு, சீனரும் உண்டு. பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது அத்தனையும் ஊர் திரும்பிவிட்டது. பொதுவில் வைத்தது மட்டும் வேரூன்றிவிட்டது. நாலாம் நாளைக்குப் பிறகும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முகப்பிலேயே உட்கார்ந்திருப்பவன் முப்பது வருஷம் ஆனாலும் விருந்தாளிதான். அடுத்தவர் உலையில் தன்னைக் கரைக்கத் துணிந்தவன்தான் வீட்டாள் ஆகிறான்.

பையன் கோப்பையை எடுக்க வந்தான். அவனிடம் கிளிமூக்கு மாங்காயைப் பற்றிச் சொன்னேன். அவன் வாயில் எச்சில் ஊறியது எனக்குத் தெரிந்தது.

ஊருக்கு வந்து சேர்ந்த மறுநாள், அடுப்படிப் பரணிலிருந்து மருந்துச் சாமான் எடுக்கப் போன இடத்தில் ஐயாவின் கைப்பெட்டி கண்ணில் பட்டது. செட்டித்தெருவில் வட்டிப்பணம் இருந்த பெட்டி. சாவி தொலைந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. மூடியைத் தூக்கினேன். நெடி ஏறித் தும்மல் வந்தது. உள்ளே, காயவைத்து என் வீட்டுக்காரி கொட்டி வைத்திருந்த குண்டு மிளகாய், பெட்டி நிறைய.