பெற்றோர் அச்சமும் தடுப்பூசியின் அறமும்

நோயற்ற குழந்தைக்கு மருந்தேற்றுதல் மருத்துவத்தின் ஏனைய செயல்களினின்றும் வேறுபட்டதொன்றாகும். காய்ச்சலால் வாடும் பிள்ளைக்குக் கசப்பு மருந்து புகட்டும் தாய், கண்ணெதிரேயுள்ள துன்பத்தை நீக்கவே அதனைச் செய்கின்றாள். இரண்டு மாதச் சிசுவைத் தடுப்பூசிக்குக் கொண்டுசெல்லும் தாயோ, இன்னும் வராத, ஒருவேளை வராமலே போகக்கூடிய நோயொன்றின் பொருட்டுச் சுகமாயிருக்கும் பிள்ளையை ஊசிக்கு நீட்டுகின்றாள். இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளாது பெற்றோரின் அச்சம் முழுவதையும் அறியாமையென ஒதுக்குவோர் பிரச்சினையின் வேரைக் காணாதவராவர்.

1970களில் பிரித்தானியாவில் நிகழ்ந்தவை இங்கு நினைக்கத்தக்கன. தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி ஆகிய மூன்றுக்குமான முக்கூட்டுத் தடுப்பூசி அங்கு வழக்கமாக ஏற்றப்பட்டு வந்தது. 1974இல் இலண்டன் கிறேற் ஓர்மண்ட் வீதிச் சிறுவர் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் சிலர், இவ்வூசியின் பின் வலிப்பு முதலிய நரம்புக் கோளாறுகளுக்கு ஆளானதாகக் கருதப்பட்ட 36 பிள்ளைகளைப் பற்றி ஆய்வுரையொன்றை வெளியிட்டனர். பதினோராண்டுக் காலத்தில் திரண்ட தொகை அது. ஆயினும் செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் அதனை வீடுதோறும் கொண்டுசென்றன. நூற்றுக்கு எண்பதளவில் இருந்த குக்கல் தடுப்பூசியேற்றம் 1978 அளவில் முப்பதையொட்டி வீழ்ந்தது. 1977 முதல் 1979 வரை பரவிய குக்கலில் நோயுற்றோராகப் பதிவானோர் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர். யப்பானிலும் இதுவே கதை. அங்கு இரு குழந்தைகளின் இறப்பையடுத்து 1975இல் ஊசி நிறுத்தப்பட்டது; பின்னர் இரண்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கே ஏற்றப்பட்டது. 1979இல் யப்பானில் ஏறத்தாழ 13,000 பேர் குக்கலுற்றனர். 41 பேர் இறந்தனர்.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்பது நம்மவர் வழக்கு. தர்க்க நூலார் இதனைக் காகதாலீய நியாயம் என்பர். குழந்தைப் பருவத்து வலிப்பு நோய்கள் பல முதன்முதலாக வெளிப்படுவது பிறந்த முதலாண்டிலேயே. தடுப்பூசி ஏற்றுவதும் அதே ஆண்டிலேயே. ஆகவே இலட்சக்கணக்கான குழந்தைகளுட் சிலருக்கு ஒன்றையடுத்து மற்றது நிகழ்ந்தே தீரும். இந்நியாயத்தில் பிழையில்லை. ஆயினும் நியாயம் பேசுபவர் தோப்பு முழுவதையும் பார்க்கிறார். தாய் பார்த்தது ஒரு பனையை, அதுவும் தன் முற்றத்துப் பனையை. அவளுக்கு முன் அவர் கணக்கு எடுபடாமற் போவதில் வியப்பென்ன?

அச்சத்தைப் புரிந்துகொள்ளுதல் வேறு, அதன்வழி நடத்தலை நியாயப்படுத்துதல் வேறு. ஊசியை மறுக்கும் பெற்றோரின் மனத்தில் வெளிப்படையாகக் கூறப்படாத எடுகோளொன்று உண்டு. தாம் செய்த செயலால் விளையும் தீங்கு தமது பழி. செய்யாதிருந்தமையால் விளையும் தீங்கு விதியின் பழி என்பதே அது. குக்கலால் பிள்ளை மாண்டால் நோய் கொண்டுபோயிற்று என்பர். ஊசியால் மாண்டால் நானே கொன்றேன் என்பர். அயலான் ஒருவன் விடயத்தில் இவ்வேறுபாட்டுக்கு ஓரளவு இடமுண்டு. காக்கும் கடமை பூண்ட பெற்றோர்க்கு அது பொருந்துமா? செய்யத்தகாதன செய்தலோடு செய்யத்தக்கன செய்யாமையையும் கேட்டுக்குக் காரணமாக வைத்தே தெரிந்துசெயல்வகையில் வள்ளுவர் பேசுவர். பெற்றோர்க்குச் செய்யாமையும் ஒரு செயலே.

மேலும், இதில் பிறர் பிள்ளையும் உண்டு. ஊசியேற்றும் பருவம் எய்தாத சிசுவுக்கே குக்கல் மிகக் கொடியது. சுற்றியிருப்போர் நோயுறாதிருந்தாலே அதற்குக் காப்பு. ஊர்கூடித் தேரிழுக்கையில் வடத்தைத் தொட்டபடி சும்மா நடந்துவருபவன் ஒருவனாயின் தேர் நிற்காது. அவன் செய்வது நட்டமற்றது போலவே தோன்றும். எல்லாரும் அவ்வாறே தொட்டுவரின் தேர் நடுவீதியில் நிற்கும். பிரித்தானியாவில் நின்றது.

ஆனால் வடம்பிடிக்க அழைத்தோர்க்கும் கடமையுண்டு. தேர்க்காலில் எவரேனும் அகப்பட்டால் அவரை விட்டுவிட்டு நடத்தல் தகாது. பொதுநலத்தின் பொருட்டு ஓர் இடரை ஏற்குமாறு கோரும் சமூகம், அவ்விடர் எத்துணை அரிதாயினும், அதனால் வீழ்ந்தவரைத் தாங்கக் கடமைப்பட்டது. பாதிப்புற்ற பிள்ளைகளின் பெற்றோர் பல்லாண்டு போராடியதன் பயனாக 1979இல் பிரித்தானியப் பாராளுமன்றம் தடுப்பூசிப் பாதிப்புக் கொடுப்பனவுச் சட்டத்தை இயற்றியது. கடுமையாக வலுவிழந்தோர்க்கு 10,000 பவுண் வழங்கப்பட்டது. வாழ்நாள் முழுதும் பராமரிக்கப்பட வேண்டிய பிள்ளைக்கு அது சிறு தொகையே. ஊசி பாதுகாப்பானதெனக் கூறும் அரசு பணமும் கொடுப்பது முரணல்லவா எனச் சிலர் வினவினர். முரணில்லை. மிக அரிதென்பதும் இல்லவேயில்லை என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் சொல்லி நம்பிக்கை தேடுவோர் முதலாவது நிகழும் நாளில் அனைத்தையும் இழப்பர்.

இலங்கையில் 2008இல் அறிமுகமான ஐங்கூட்டுத் தடுப்பூசி, அதனைப் பெற்ற சில சிசுக்கள் இறந்ததையடுத்து அவ்வாண்டிலேயே இடைநிறுத்தப்பட்டது. நிபுணர் ஆய்வின் பின் 2010இல் மீண்டும் வழக்கிற்கு வந்தது. அதற்குப் பின்னரும் இந்நாட்டுப் பெற்றோர் தடுப்பூசியைக் கைவிடவில்லை. நிறுத்தி ஆராய்ந்தமை அச்சத்தை வளர்க்கும் என்போர் இதனை எண்ணிப்பார்த்தல் நன்று.

பிரித்தானியப் பெற்றோரின் வினாவுக்கு விடை மெல்லவே வந்தது. குக்கல் தடுப்பூசி நிரந்தர மூளைப் பாதிப்பை விளைவிக்குமென்பது நிறுவப்படவில்லை என 1988இல் இலண்டன் உயர்நீதிமன்றம் தீர்த்தது. அப்படியாயின் அப்பிள்ளைகளுக்கு நேர்ந்தது யாது? நீதிமன்றத்தால் அதனைச் சொல்ல இயலவில்லை. 2006இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் தலைமையில், ஊசியால் மூளை பாதிப்புற்றதாகக் கருதப்பட்ட 14 பேரின் மரபணுக்கள் ஆராயப்பட்டன. அவருள் 11 பேரிடம் கடும் வலிப்பு நோயை விளைவிக்கும் மரபணு மாற்றம் காணப்பட்டது. ஊசியாலான காய்ச்சல் முதல் வலிப்பைச் சற்று முன்கூட்டித் தூண்டியிருக்கலாம். நோய் பிள்ளையோடு பிறந்தது. தன் கையாலேயே கொண்டுபோய்க் கெடுத்தேனே என்று முப்பதாண்டு தன்னை நொந்த தாயொருத்தி இருந்திருப்பின், அவள் செய்யாத குற்றத்தையே அதுவரை சுமந்திருந்தாள். எஞ்சிய மூவரிடம் அம்மாற்றம் காணப்படவில்லை.